உடல் எடைக்கு மரபணு காரணமா? உலகமே கூடித் தேடுகிறது, இந்தியா எங்கே?

‘வாயைக் கட்டுனா எடை தானா குறையும்.’ உடல் பருமனோடு இருப்பவர்கள் வீட்டிலும், கல்யாணப் பந்தியிலும், சில நேரம் டாக்டரிடமும் கேட்கும் அறிவுரை இது. ஆனால், ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் ஒல்லியாகவும் தம்பி குண்டாகவும் இருப்பது ஏன்? அதற்கான பதிலில் ஒரு பங்கு மரபணுவில் இருக்கிறது.

அந்தப் பங்கைக் கண்டுபிடிப்பது எந்தத் தனி ஆய்வகத்தாலும் முடியாத வேலை. அதனால்தான் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாகத் தேடுகிறார்கள். அந்தக் கூட்டில் இந்தியர்களின் தரவு மிகக் குறைவு என்பதுதான் கவலை.

ஏன் இத்தனை பேர் தேவை?

மிக அரிதாக, ஒரே ஒரு மரபணு பழுதானாலே எடை கட்டுக்கடங்காமல் ஏறும். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத இரண்டு குழந்தைகளை 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். இருவரும் பாகிஸ்தான் வம்சாவளியினர். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பிறகு லெப்டின் ஊசி போட்டபோது பசி அடங்கியது, எடையும் இறங்கியது.

பெரும்பாலானவர்களுக்குக் கதை வேறு. நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுகின்றன. 2007-ல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் உள்ள மாறுபாட்டைக் கண்டுபிடிக்க 38,759 பேரின் தரவு தேவைப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ அதிக எடையுடன் இருந்தார்கள். பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் இதுவே பெரியது. மற்றவற்றின் தாக்கம் இன்னும் சின்னது. ஐந்நூறு பேரை வைத்துப் பார்த்தால் அது உண்மையா, தற்செயலா என்றே சொல்ல முடியாது.

எப்படி ஒருங்கிணைக்கிறார்கள்?

இதற்காக உருவானதுதான் ‘ஜெயன்ட்’ என்ற சர்வதேச ஆய்வுக் கூட்டமைப்பு. இதன் வேலைமுறை எளிமையானது. எடையையும் உயரத்தையும் எப்படிக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு எல்லா மையங்களுக்கும் ஒரே விதிமுறை. ஒவ்வொரு மையமும் தன்னிடம் உள்ள தரவைத் தானே அலசி, தொகுத்த முடிவை மட்டும் அனுப்பும். தனிநபரின் டி.என்.ஏ. தகவல் அந்த மையத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

2015-ல் சுமார் 3.39 லட்சம் பேரின் தரவிலிருந்து, பி.எம்.ஐ.யோடு தொடர்புள்ள 97 மரபணு இடங்கள் தெரியவந்தன. 2018-ல் சுமார் 7 லட்சம் பேரைச் சேர்த்தபோது 900-க்கும் மேற்பட்ட மாறுபாடுகள் கிடைத்தன. ஆட்கள் கூடக் கூட விடையும் தெளிவாகிறது.

சிக்கல் எங்கே?

2015 ஆய்வின் 3.39 லட்சம் பேரில் சுமார் 3.22 லட்சம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். இப்படிப்பட்ட தரவை வைத்து, ஒருவருக்குப் பருமன் வரும் வாய்ப்பைச் சொல்லும் ‘மரபணு மதிப்பெண்’ தயாரிக்கிறார்கள். அது ஐரோப்பியர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு மற்றவர்களுக்குப் பொருந்தாது.

தெற்காசியர்களின் உடல்வாகே வேறு. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை என்பது நம்ம ஊரில் சகஜம். 2008-ல் லண்டன்வாழ் இந்திய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வில், எம்.சி.4.ஆர். மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாறுபாடு இடுப்புச் சுற்றளவோடு தொடர்புடையது என்று தெரிந்தது. அந்த மாறுபாடு ஐரோப்பியர்களைவிட இந்தியர்களிடம் அதிகம். இந்தியர்களிடம் தேடியபோது இது கிடைத்தது.

என்ன செய்யலாம்?

‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் எஃப்.டி.ஓ.வுக்கே கிட்டத்தட்ட 39,000 பேர் தேவைப்பட்டார்கள் என்பதை நினைத்தால், எடை விஷயத்தில் 10,000 போதாது.

நாடு முழுக்க ஒரே விதிமுறையில் அளப்பது முடியாத காரியமும் இல்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆர். உடன் சேர்ந்து 1.13 லட்சம் பேரிடம் ஆய்வு நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். அளவெடுக்கும் அனுபவம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளை இணைத்து, இதே ஒழுங்கோடு மரபணுத் தரவையும் சேர்ப்பதுதான் அடுத்த வேலை.

‘நம்ம ரத்தத்தை எடுத்து வெளிநாட்டு கம்பெனி மருந்து பண்ணி நமக்கே விப்பான்’ என்ற பயம் நியாயமானது. அதற்காக ஒதுங்கி நின்றால் நஷ்டம் இங்கே உள்ளவர்களுக்குத்தான். தொகுத்த முடிவை மட்டும் பகிரும் முறையைச் சட்டப்படி கட்டாயமாக்கலாம். ஒப்புதல் படிவம் மக்களின் தாய்மொழியில் இருக்க வேண்டும். கண்டுபிடிப்பு மருந்தாக மாறினால் விலையில் என்ன சலுகை என்பதை, மாதிரி எடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

மரபணு மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது, சாப்பாடும் வேலைமுறையும்தான் மாறின. ஆனால், அதே சாப்பாட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்தால், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கலாம். ‘வாயைக் கட்டு’ என்று குழந்தையைக் குற்றம் சொல்வதும் குறையும். அதற்கு இந்தியர்களின் தரவு அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.