பத்து விரலும் பேசும்!

1975-ம் ஆண்டு வியட்நாம் போர் முடிந்தது. வீடு வாசலை இழந்த பெண்கள் பலர் அமெரிக்காவில் கலிபோர்னியா அகதி முகாமுக்கு வந்தார்கள். அங்கே உதவ வந்தார் நடிகை டிப்பி ஹெட்ரன். அவருடைய நக அழகைப் பெண்கள் வியந்து பார்த்தார்கள். உடனே தமக்கு நக அலங்காரம் செய்பவரையே அவர் வரவழைத்தார். 20 பெண்கள் தொழில் கற்றார்கள். பிழைக்க வழி பிறந்தது.

இத்தொழிலைத் தனியே நடத்தும் சகோதரிகளே! "இதையும் செய்யுங்கள், அதையும் வாங்குங்கள்" என்று வந்தவரை நெருக்காதீர்கள். இன்று நாலு காசு கூடக் கிடைக்கும்; நாளை அவர் வரமாட்டார். கட்டணத்தை எழுதி மாட்டுங்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குங்கள். அழுக்குக் கருவி நோயைப் பரப்பும். நல்ல பெயரையும் கெடுக்கும்.

வேலை சுத்தமாக இருந்தால், வந்தவரின் பத்து விரலும் உங்கள் பெயரை ஊருக்குச் சொல்லும். அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?