பருவம் தரும் மணமாலை

மணவினைக்கு மங்கலம் சேர்ப்பன பல. அவற்றுள் முதன்மையானது மலர். ஏழையின் குடிலில் நிகழும் மணத்திலும் செல்வரின் மாளிகையில் நிகழும் மணத்திலும் மணமக்கள் மாலை மாற்றியே இல்லறம் புகுகின்றனர்.

பண்டைத் தமிழர் மலரை நுணுகி நோக்கியவர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் இட்டனர். பிறக்கும் இடம் நோக்கிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகையாகவும் பகுத்தனர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை நிரல்பட அடுக்கினார். முல்லை என்றவுடன் அக்காலத்தவர்க்குக் கார்காலம் நினைவில் எழுந்தது. பூவும் பொழுதும் அவர் உள்ளத்தில் பிரியாது நின்றன.

இவ்வுறவை இன்றும் கண்ணால் காணத்தக்க ஊர்கள் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் ஆகும். மலைக்கோட்டையில் கோயில் கொண்ட தாயுமானவர்க்குச் செவ்வந்திநாதர் என்னும் பெயரும் உண்டு. சாரமா முனிவர் என்பவர் செவ்வந்தித் தோட்டம் அமைத்து இறைவனுக்கு நாள்தோறும் மலர் சாத்தினார்; அம்மலரை ஒருவன் கவர்ந்து உறையூர் மன்னனுக்குக் கொடுத்தான்; முனிவர் முறையிட்டும் மன்னன் செவிசாய்க்கவில்லை; அதனால் உறையூர் மண்மாரிக்கு இரையாயிற்று என்று தலபுராணம் கூறும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கத்திலோ, விப்பிரநாராயணர் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் என உலகம் போற்றுவது அவரையே. மலரைப் போற்றுவோர் அதனை வளர்த்த கையையும் போற்றுதல் வேண்டும் என்பது இவ்விரு கதைகளும் உணர்த்தும் கருத்தாகும்.

இக்காலத்து மணப்பந்தல்களில் அந்நெறி நெகிழ்ந்து வருகிறது. தையில் நிகழும் மணத்துக்கும் மல்லிகைப் பந்தலே வேண்டும் என்கின்றனர். சித்திரையில் மல்லிகை மலிந்து கிடக்கும்போதோ, ஓசூரிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கார்னேஷன், ஜெர்பரா முதலிய பூக்களை வருவிக்கின்றனர். அவற்றைச் செருகி நிறுத்தும் பச்சைநிறப் பஞ்சுக் கட்டிகள் மண்ணில் மட்காத செயற்கைப் பொருளால் ஆனவை. போதாக்குறைக்கு நெகிழிப் பூக்களும் பந்தலில் தொங்குகின்றன. வாடாத பூ என அவற்றைப் புகழ்வர். மணமே இல்லாத பூ வாடாதிருந்து பயன் என்ன?

மணநாள் எப்பருவத்தில் அமைகிறதோ, அப்பருவத்துப் பூவே அம்மணத்துக்கு உரியது. அழகும் சிக்கனமும் உழவர் நலமும் ஒருங்கே அமையும் வழி இதுவே.

தை மாதத்தை முதலிற் காண்போம். மல்லிகை வெயிலை விரும்பும் செடி. கார்த்திகை இறுதியை ஒட்டி உழவர் அதனைத் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வர். புதிய தளிர் விட்டு அது மீண்டும் நிறையப் பூப்பது மாசி, பங்குனியில்தான். எனவே பனிக்காலத்தில் மல்லிகை அருகுதல் இயற்கை. அந்நாளில் முகூர்த்தமும் கூடினால், கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுவதும் உண்டு. செவ்வந்தியோ இரவு நீளும் காலத்தில் அரும்பும் இயல்பினது. ஆதலின் பனிக்காலத்தில் அது பொன் குவித்தாற்போலச் சந்தைக்கு வருகிறது. எளிதில் வாடாத செவ்வந்தியை மருக்கொழுந்துடன் சேர்த்துத் தொடுத்தால், நிறமும் மணமும் நிறைந்த மாலை கிடைக்கும். மலைக்கோட்டை இறைவன் பெயர்கொண்ட மலரை விடுத்து, அம்மலையடிவாரத்தில் மணம் செய்வோர் வேறு பூவுக்கு ஏங்குவது ஏன்?

மாசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் விழாத் தொடங்குகிறது. ஊர்தோறும் மக்கள் பூக்கூடை ஏந்தி அம்மன் கோயில் நோக்கி வருகின்றனர். பனி நீங்கிப் பூ பெருகும் காலத்தில் அவ்விழா அமைந்திருப்பது கருதத்தக்கது. அடுத்து வரும் பங்குனி, சித்திரை, வைகாசி ஆகியவை மல்லிகையின் ஆட்சிக் காலம். வெயில் மிகுந்த அந்நாளில் திருவரங்கத்தில் கோடைத் திருநாளாகிய பூச்சாற்று விழா நிகழும். வெண்மையும் தண்மையும் உடைய மல்லிகைச் சரங்களால் பந்தல் அமைக்க உரிய பருவம் இதுவே. இடையிடையே மகிழம்பூச் சரம் தொங்கினால் அதன் மணம் பந்தல் எங்கும் பரவும்.

ஆவணியில் முல்லையும் பிச்சியும் மணக்கும். தாழை மடல் விரிக்கும், தாமரையும் கிடைக்கும். கொடிப்பூவும் கோட்டுப்பூவும் நீர்ப்பூவும் ஒருங்கே கூடும் இப்பருவத்தில், மூவகையும் சேர்த்து ஒப்பனை செய்தல் எழிலுடையது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையால் பூ வரத்துக் குறையும். அப்போது பசுமையே துணை. தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, கமுகங்குலை, குலை தள்ளிய வாழை ஆகியவை பந்தலை நிறைக்கட்டும். கோழிக்கொண்டையின் செந்நிறம் அவற்றுக்கு நடுவே விளங்கட்டும். சம்பங்கி ஆண்டு முழுவதும் கிடைப்பது. எப்பருவத்து மாலைக்கும் அதனை அடிப்படையாகக் கொள்ளலாம்.

இவ்வாறு செய்வதால் விளையும் நன்மை பந்தலோடு முடிவதில்லை. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் எட்டரை, கோப்பு, போசம்பட்டி முதலிய ஊர்களில் பலர் பூப்பயிரை நம்பி வாழ்கின்றனர். மல்லிகையை மொட்டாகவே பறித்தல் வேண்டும். அது மாலையில் அவிழ்ந்து விடும். ஆகவே ஊர் உறங்கும் பின்னிரவிலேயே பெண்கள் விளக்கேந்தித் தோட்டத்துக்குச் செல்கின்றனர். அவர் பறித்த பூ காந்திச் சந்தைக்கும் திருவரங்கம் சாத்தார வீதிக்கும் வந்து சேர்கிறது. அங்கே வாழைநாரும் விரல்களும் கொண்டு பூக்கட்டுவோர் அதனைச் சரமாக்குகின்றனர். பூ மிகுந்து விலை வீழும் நாளில் பறிகூலிக்கும் பணம் தேறாமல், மொட்டுகள் செடியிலேயே விடப்படுவதும் உண்டு. அத்தகைய நாளில் ஒரு மணவீட்டார் நெகிழிப் பூவை விலக்கி உள்ளூர் மல்லிகையை வாங்கினால், ஒரு தோட்டத்தின் உழைப்பு வீணாகாது.

“வாழ்நாளில் ஒருமுறை வரும் மணம்; விரும்பிய பூவைச் சூடுதல் குற்றமா?” எனச் சிலர் வினவலாம். குற்றம் அன்று. தையிலும் மணமகளின் கூந்தலுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கலாம். அரிதாய் வந்த அம்முழத்துக்கு மதிப்பும் மிகும். ஆனால், பந்தல் முழுவதையும் பருவமல்லாப் பூவால் மூடுவதற்காகக் கடன் வாங்குதல் அறிவுடைமை ஆகாது. மறுநாள் பூ குப்பைக்குச் செல்லும். கடனோ வீட்டிலேயே இருக்கும். அண்டை வீட்டார் செய்தனர் என்பதற்காகச் செய்யும் செலவு, அண்டை வீட்டாரையும் அவ்வாறே செய்யத் தூண்டும். இவ்வாறு ஒரு தெருவே கடன்படும்.

மணநாளைக் குறிக்குங்கால் கோளும் நாளும் பார்க்கின்றனர். அவ்வாறே பூவையும் பார்த்தல் வேண்டும். ஒப்பனைக்காரரின் படப்புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன், ஒரு நாள் விடியற்காலையில் பூச்சந்தைக்குச் சென்று, எப்பூ மிகுதியாக வருகிறது என்று கண்டு வருதல் நன்று. பூக்கட்டும் முதியவரைக் கேட்டால், மணம் நிகழும் வாரத்தில் எது மலரும், எது அருகும் என்பதை விரலில் எண்ணிச் சொல்வர். அவர் சொற்கேட்டு அமைத்த பந்தலில், காவிரிக்கரையின் அப்பருவமே மணமக்களை வாழ்த்தி நிற்கும்.