நாடி திறந்த பின்னர்

மாரி ஓங்கி, மட்டக்களப்பு வாவி கரைகடந்து வயல்களிலும் வளவுகளிலும் ஏறும்போது, முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்ற குரல் ஊரெங்கும் எழும். மணல் திட்டு வெட்டப்பட்டதும் வெள்ளம் கடலை நோக்கிப் பாயும். ஊர் ஆறுதல் கொள்ளும். ஆயினும், வெட்டிய வாய் என்றும் திறந்தே இருக்கும் என்று வாவிக்கரையில் வாழும் எவரும் நம்புவதில்லை. கோடையில் கடல் மீண்டும் மணலைக் கொணர்ந்து சேர்க்கும் என்பதை அவர்கள் அறிவர்.

வாவியைப் பற்றி நமக்குள்ள இந்தத் தெளிவு நம் இருதயத்தைப் பற்றி நமக்கு இல்லை. மாரடைப்பு வந்து, அடைபட்ட நாடி திறக்கப்பெற்று, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழல் பொருத்தப்பெற்று வீடு திரும்பும் ஒருவரை, "இனிப் பயமில்லை, எல்லாம் சரி" என்று கூறியே உற்றார் வரவேற்கின்றனர். அச்சொல்லில் அன்பு முழுமையாக உண்டு. உண்மையோ பாதிதான் உண்டு.

சிகிச்சையின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. 1977 செப்டெம்பர் 16-ஆம் நாள், சூரிச் நகரில் ஆந்திரேயஸ் குருன்சிக் என்னும் மருத்துவர், மெல்லிய குழாயொன்றை இருதய நாடிக்குள் செலுத்தி, அதன் நுனியிலிருந்த சிறு பலூனை விரித்து, நெஞ்சு வலியால் வருந்திய 38 வயதினர் ஒருவருக்கு வழி திறந்தார். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. அதைக் காண மருத்துவர் இல்லை. 1985-இல் விமான விபத்தொன்றில் அவர் மாண்டிருந்தார். 1986-இல் வலைக்குழல் வந்தது. பின்னர் இம்முறை மாரடைப்பு நேர்ந்த வேளையிலேயே கையாளும் அவசர சிகிச்சையாகவும் வளர்ந்தது.

இதனால் வரும் ஆயுள் எவ்வளவு? டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் இக்கேள்வியை நேர்மையாகக் கேட்டனர். 1997-க்கும் 2001-க்கும் இடையில் மாரடைப்புற்ற 1,572 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாடியைப் பலூனால் திறந்தனர். மற்றவர்களுக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினர். 16 ஆண்டுகள் இவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். இருதய நோயால் இறந்தோர், முதற்பிரிவில் நூற்றுக்கு 18 பேர். இரண்டாவதில் ஏறக்குறைய 23 பேர். மறு மாரடைப்போ மரணமோ, எது முந்தினும், அது சராசரியாக ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தோரைக் கணக்கிட்டபோது, இரு பிரிவிலும் பாதிப்பேர் மறைந்திருந்தனர்.

ஓராண்டுதானா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மகள் பரீட்சை எழுதும் ஆண்டாக, வயல் விளைந்து கடன் தீரும் ஆண்டாக அது இருக்குமாயின், அதன் அருமையை அக்குடும்பத்தைக் கேட்டறிய வேண்டும். எனினும், நாடியைத் திறந்ததனால் மட்டும் நீண்ட ஆயுள் உறுதியாகிவிடுவதில்லை என்பதையும் அதே கணக்கு உணர்த்துகிறது. திறப்பதற்கு முந்திய நாழிகைகளும், திறந்தபின் வரும் ஆண்டுகளும் நம் கையில் இருக்கின்றன.

நாழிகைகளை முதலில் நோக்குவோம். நெதர்லாந்தில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சை 30 நிமிடம் தாமதமாகுந்தோறும் ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 7.5 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. நம் படுவான்கரை மக்களுக்கு இக்கணக்கின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையில் அவர்கள் "பாதை"க்குக் காத்திருந்தே வாவியைக் கடந்தனர். இன்று பாலம் உண்டு. 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவையும் நாடெங்கும் பரந்துவிட்டது. இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? நெஞ்சு இறுகி வியர்வை கொட்டும்போது, வாய்வு என்று சொல்லி இஞ்சி இடித்துக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கிறோம். பாலம் கட்டியும் பாதைக்குக் காத்திருப்பவர்களாய் இருக்கிறோம்.

ஆண்டுகளின் கதையோ இன்னும் அமைதியாக நடப்பது. பலூன் விரித்தது ஓரிடத்தை மட்டுமே. கொழுப்புப் படிந்த நோய் மற்ற நாடிகளிலும் உறைகிறது. அதற்காகவே அஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் ஆயுள் முழுதும் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். இரத்தம் உறையாதிருக்கும் இரண்டாவது குளிசையைப் பெரும்பாலும் ஓராண்டுக்குக் கொடுக்கின்றனர். புகைத்தலை விடுவதும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்குவதும் குளிசைக்குக் குறைந்த மருந்தல்ல. வலி நின்றதும் குளிசையை நிறுத்துவோர், கோடை வெயிலைக் கண்டு மாரியை மறந்தவர்களே.

ஆனால் பழி முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்துவது நீதியன்று. கிளினிக் நாளன்று கூலி இழந்து, இரண்டு பஸ் ஏறி, வரிசையில் நின்று குளிசை வாங்கும் ஏழை, ஒரு மாதம் தவறுவது வியப்பல்ல. 2022-ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே மருந்து தட்டுப்பட்டதையும் கண்டோம். புதிய இயந்திரம் வந்தால் நாடா வெட்டி விழா எடுக்கிறோம். அதன் பயனைத் திறந்த நாடிகளின் எண்ணிக்கையால் அளக்கலாகாது. பத்தாண்டு கழித்தும் வயலிலும் வாவியிலும் உழைத்துக்கொண்டிருப்போரின் எண்ணிக்கையால் அளக்க வேண்டும். அப்படி அளக்கத் தொடங்கினால், கிராமத்துச் சிறு வைத்தியசாலையில் மாதந்தோறும் குளிசை தவறாது கிடைப்பதும், வராத நோயாளியைத் தேடிச் செல்வதும், இயந்திரத்துக்கு இணையான அவசியங்களாகத் தோன்றும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இங்கே ஒரு பணி உண்டு. நெஞ்சு வலியின் அறிகுறிகளையும் 1990 என்ற இலக்கத்தையும் வகுப்பில் ஒருமுறை சொன்னால், அது வீட்டுத் திண்ணைவரை செல்லும். தந்தையின் குளிசைப் பெட்டி காலியாகிவிட்டதா என்று மாலையில் கேட்கும் பிள்ளை, அவ்வீட்டின் மருத்துவத்தில் பங்கேற்றதாகும்.

முகத்துவாரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. வாவியைக் காப்பது ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. இருதயத்துக்கும் அதுவே நியதி.