கொரம்பு போதாது: நீர்வளத் துறை அமைச்சர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

பேட்டைவாய்த்தலையில் காவிரியின் தென்கரையிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரையில் சென்று, ஏறக்குறைய 32,000 ஏக்கர் நிலத்துக்கு ஜீவாதாரமாக விளங்கும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ராஜராஜ சோழன் காலத்தது என்று பெருமையோடு பேசப்படுவதைத் தாங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆற்றில் நீர் குறைந்துவிட்டால் அந்தப் புராதன வாய்க்காலுக்குக் கொரம்பு போட்டுத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதைத் தங்களிடம் எடுத்துரைத்தவர்கள் உண்டோ, அறியேன்.

மூங்கில் முளைகளை மணலில் அடித்து, தழையும் வைக்கோலும் மணல் மூட்டைகளும் இட்டு, ஓடுகிற நீரைச் சற்றே உயர்த்தி வாய்க்காலின் பக்கம் ஒதுக்கும் இந்தத் தற்காலிக வரப்பு, படுகை இவ்வளவு தாழாதிருந்த காலத்தில் போதுமானதாகவே இருந்திருக்கும். இப்போதோ, மேலிருந்து வரவேண்டிய மணலை மேட்டூர் அணை தடுத்து நிறுத்த, கீழே இருந்ததையும் நாம் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டபடியால், படுகை இறங்கிவிட்டது. வாய்க்காலின் தலைமதகு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. எனவே, அணை திறந்தும் வயலுக்குத் தண்ணீர் வராமல், கண்ணெதிரே ஆறு ஓடிக்கொண்டிருக்கும் விசித்திரத்தை விவசாயி பார்த்துக்கொண்டிருக்கிறான். அரும்பாடுபட்டுக் கொரம்பைப் போட்டு முடித்தபின் ஒரு வெள்ளம் வந்தால் அத்தனையும் பிரவாகத்தோடு போய்விடுகிறது. வெள்ளம் வடிந்ததும், பயிர் வாடத் தொடங்குகிற அந்தச் சமயத்திலேயே, மறுபடியும் முளை அடிக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டனின் முயற்சியால் காவிரிக்கு நீர் பெருகி, அதன் தலைப்பில் படுகை அரிக்கப்படத் தொடங்கியபோது, அங்கே தரைமட்டச் சுவர் ஒன்றை எழுப்பித்தான் மட்டத்தைக் காத்தார்கள். பேட்டைவாய்த்தலையில் அவ்விதமான ஒரு தாழ்ந்த சுவரும், மணற்போக்கிகளும், வேண்டும்போது ஏற்றி இறக்கத்தக்க கதவுகளுமே நாங்கள் விழைவது; பெரிய நீர்த்தேக்கம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

கடைமடைக்குரிய நீரை இது பறித்துவிடும் என்று தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் ஆட்சேபிக்கக்கூடும்; அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் எவ்வளவு நீரை ஒதுக்குகிறது என்ற கணக்கே இல்லாத கொரம்பைவிட, அளவு குறித்த கதவு அவர்களுக்கும் நன்மையே செய்யும். மணல் அள்ளுவதைத் தடுக்காமல் சுவரை மட்டும் கட்டினால் அதன் அடித்தளமே நாளடைவில் அரிக்கப்பட்டுவிடும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் சரிந்ததைக் கண்ட ஜில்லா எங்களுடையது.

ஆகவே, வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அடைக்கப்பட்டு ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் வரையிலான வறண்ட காலத்திலேயே, பேட்டைவாய்த்தலைப் படுகையின் மட்டத்தை அளந்து, அந்த அளவையும் திட்ட மதிப்பீட்டையும் பாசன விவசாயிகள் முன்னிலையில் வைக்குமாறு தங்கள் பொறியாளர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உய்யக்கொண்டான் பாசனத்து விவசாயி ஒருவன்