மனநோய் மருந்து தரும் இடத்திலேயே எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் மனச்சிதைவு நோய்க்கும் இருமுனை மனநோய்க்கும் மருந்து எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மாதாந்திர கிளினிக்கை நம்பியிருப்பவர்கள் உண்டு. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கும் தேனிக்கும் போகிறவர்களும் உண்டு. அந்த மருந்தால் காதில் கேட்கும் குரல்கள் அடங்குகின்றன, தூக்கம் வருகிறது, மறுபடி வேலைக்குப் போக முடிகிறது. அதே மருந்து பலருக்கு எடையைக் கூட்டுகிறது. ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றுகிறது. ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை உரிய காலத்தில் பார்ப்பதும் மனநோய் சிகிச்சையே. மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது அரைச் சிகிச்சை.

உடம்பு பெருப்பதைச் சோம்பலின் விளைவு என்று வீட்டிலும் வெளியிலும் பேசுகிறோம். அது அநியாயம். ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளைத் தடுக்கும்போது பசி கூடுகிறது, வயிறு நிறைந்த உணர்வு தாமதமாகிறது. எடை ஏறும் முன்பே இன்சுலின் வேலை செய்வதில் கோளாறு தொடங்குவதும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 1,500 மனச்சிதைவு நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளிவந்த கேட்டி ஆய்வில், ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு உடல் எடை 7 சதவீதத்துக்கு மேல் கூடியது. மற்ற மருந்துகளில் இது 7 முதல் 16 சதவீதம். அதே ஆய்வில் சேர்ந்தபோதே நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதற்கு மருந்தே எடுக்கவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இறப்புகளில் பெரும்பகுதி, தடுக்கக்கூடிய உடல் நோய்களால் வருவது.

கேரளத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி மாநிலத்தின் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளது. குடும்ப சுகாதார மையங்களில் அதற்கான கிளினிக்குகள் நடக்கின்றன. எடை பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் அங்கே இருக்கின்றன. ஆனால் தொற்றா நோய்களுக்கான பரிசோதனைத் திட்டம் 30 வயதைக் கடந்தவர்களுக்கானது. மனச்சிதைவோ பெரும்பாலும் 16க்கும் 30க்கும் இடையில் தொடங்குகிறது. மருந்தால் எடை மிக வேகமாக ஏறுவதும் முதல்முறை மருந்து எடுக்கும் இளைஞர்களுக்கே. இருபத்திரண்டு வயதில் ஓலன்சபின் தொடங்கும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன், பரிசோதனைத் திட்டத்தின் வயது வரம்பை எட்டும்போது எட்டு வருடம் மருந்து எடுத்திருப்பான். எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இந்த இடைவெளிதான்.

பக்கவிளைவைச் சொன்னால் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். மருந்தை நிறுத்துவது பெரிய ஆபத்து என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. பின்லாந்தில் 66,881 நோயாளிகளை 11 ஆண்டுகள் தொடர்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. அதிலும் குளோசபின் எடுத்தவர்களிடம் மிகக் குறைவு. ஆனால் காரணம் தெரியாமல் உடம்பு பெருப்பதைப் பார்க்கும் இளைஞனும் மருந்தை நிறுத்துகிறான், யாரிடமும் சொல்லாமல். முன்கூட்டியே சொல்லி, மாதாமாதம் எடை பார்த்தால் அவனுக்குக் கேட்க ஓர் இடம் கிடைக்கிறது. எடை ஏறினால் மருத்துவர் செய்யக்கூடியவையும் உண்டு: எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிபிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாற்றலாம், நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைச் சேர்க்கலாம், உணவு பற்றி வீட்டாரிடம் பேசலாம். மாற்றம் எல்லோருக்கும் ஒத்துவராது. குளோசபின் தேவைப்படுகிறவருக்கு அதற்கு ஈடான மருந்து இல்லை. அவருக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை. கூட்ட நெரிசலில் மருத்துவருக்கு நேரமில்லை என்பதும் உண்மையே. எடையையும் இடுப்பளவையும் செவிலியர் பார்க்கலாம், இடுப்பளவுக்கு அளவு நாடா ஒன்று போதும். இந்தியர்களுக்கு இடுப்பளவின் எச்சரிக்கை எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

இதில் மொழியும் சேர்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையின் தெரிந்த பக்கவிளைவுகளை, நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறியும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. மூணாறிலும் வண்டிப்பெரியாறிலும் பலருக்கு அந்த மொழி தமிழ். மலையாளத்தில் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டால் சட்டத்தின் கடமை முடிந்துவிடாது.

எனவே கேரள சுகாதாரத் துறையிடம் கேட்கிறோம்: மருந்து தொடங்கும் நாளில் எல்லா அளவுகளையும் எடுங்கள், முதல் மூன்று மாதம் மாதந்தோறும் எடை பாருங்கள், மூன்றாம் மாதம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பாருங்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடருங்கள். இந்த நோயாளிகளுக்கு 30 வயது வரம்பை நீக்குங்கள். எல்லை தாண்டிப் போனாலும் கையோடு கொண்டுபோகும்படி, அளவுகள் எழுதிய தமிழ்க் கையேடு ஒன்று கொடுங்கள். மருந்து எடுப்பவர்களிடமும் வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தையும் நிறுத்தாதீர்கள், அடுத்த முறை போகும்போது எடையும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.