எத்தனையாவது?



மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உவர்நீரை ஒரே பாத்தியில் நிரப்பி உப்பு எடுப்பதில்லை. முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி என்று வரிசையாக விடுவார்கள். வெயிலில் நீர் வற்றி அடர்த்தி கூடும். கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளையும். அங்கே "எத்தனை பாத்தி?" என்பது ஒரு கேள்வி, "எத்தனையாவது பாத்தி?" என்பது வேறு கேள்வி. முதலாவது எண்ணிக்கையைக் கேட்கிறது. அடுத்தது வரிசையைக் கேட்கிறது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். இன்றும் அங்கே பள்ளிகளில் பிரெஞ்சு கற்பிக்கிறார்கள். "அதெல்லாம் நமக்கு வராது" என்று நினைக்காதீர்கள். அதன் விதி ஒன்று ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது!

பிரெஞ்சில் மூன்று என்பது ஏறக்குறைய 'த்ருவா'. மூன்றாம் என்பது 'த்ருவாசியெம்'. நாம் 'ஆம்' சேர்ப்பதுபோல அவர்கள் 'இயெம்' சேர்க்கிறார்கள். ஆனால் ஒன்று 'அன்', முதல் 'ப்ரமியே'. தொடர்பே இல்லாத சொல்! தமிழிலும் 'ஒன்று', 'முதல்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஒன்', 'ஃபர்ஸ்ட்'. இந்தியில் 'ஏக்', 'பஹலா'. தொடங்கி வைப்பதற்கு இத்தனை மொழிகளும் தனிப்பெயர் வைத்திருக்கின்றன.

சரி, இருபத்தொன்று வந்தால்? ஆங்கிலத்தில் மறுபடியும் 'ஃபர்ஸ்ட்' வருகிறது: 'ட்வென்ட்டி ஃபர்ஸ்ட்'. நாமோ 'இருபத்தோராம் நூற்றாண்டு' என்கிறோம், 'முதல்' வருவதில்லை. பிரெஞ்சிலும் 'வேன்தேயூனியெம்'தான், 'ப்ரமியே' வராது. இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சே தமிழுக்கு நெருக்கம்!

இன்னொரு வேடிக்கை. பிரான்ஸ் நாட்டுப் பள்ளிகளில் 'ஆறாம்' வகுப்பு முடித்தவர் 'ஐந்தாம்' வகுப்புக்குப் போவார்! பிறகு நான்கு, மூன்று என்று எண் இறங்கும். நம் ஒன்பதாம் வகுப்புக்குச் சமமானது அங்கே 'மூன்றாம்' வகுப்பு. அதனால் அந்த மாணவர் உங்களைவிடச் சிறியவர் ஆகிவிடுவாரா?

வரிசை எண் நாம் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும்; நம் மதிப்பைச் சொல்லாது. தேர்வில் முப்பதாவது இடம் என்றால் கலங்க வேண்டாம். முதல் இடம் என்றால் தலைக்கனமும் வேண்டாம். உப்பு விளைவது எந்தப் பாத்தியில் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று வீட்டுப் படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் தமிழிலும் இன்னொரு மொழியிலும் வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். பத்தாவது படிக்குள் ஒரு புது மொழி உங்களுக்குச் சிநேகிதமாகிவிடும்!