லாக்கப்பா, மருத்துவமனையா?

புனே: மனம் குழம்பித் தெருவில் அலைபவரைக் குடிகாரர் என்று எண்ணிப் போலீசார் அடைத்துவைப்பது சட்டத்துக்கு விரோதம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவு, அவரை எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இங்கே எரவாடாவில் மனநல மருத்துவமனையே இருக்கிறது.

ஆனால் மனநல ஊழியரும் போலீசாருடன் வர வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் 1988-லேயே இதற்கெனப் போலீசாருக்குத் தனிப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது.

மராத்தி தெரியாத தமிழ்த் தொழிலாளி தன் நிலையை எப்படி விளக்குவார்? மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசியில் (14416) தமிழிலும் இலவச ஆலோசனை உண்டு. சம்பவ இடத்திலிருந்தே போலீசார் அதை அழைக்கலாம். பெரும் செலவில்லை, உத்தரவு ஒன்றே தேவை.